பைக்கை டிரெய்லரில் ஏற்றிக் கட்டுவது: ஸ்ட்ராப்பை எங்கே மாட்டுவது, எவ்வளவு இறுக்குவது?

நெடுவழி எழுதியது:

வணக்கம். என் பைக்கை முதல்முறையாக டிரெய்லரில் ஏற்றிக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. முழு நாள் பயணம். பாதி நல்ல நெடுஞ்சாலை, மீதி குண்டும் குழியும். பைக் பெட்ரோலோடு சேர்த்து 220 கிலோ, முழு ஃபேரிங் (பைக்கைச் சுற்றி மூடும் பிளாஸ்டிக் உறை), ஹேண்டில் கிளிப்-ஆன் வகை (ஃபோர்க் குழாய்களில் தனித்தனியாகக் கவ்வும் கைப்பிடிகள்). டிரெய்லர் தெரிந்தவருடையது, ஒற்றை அச்சு, பிளைவுட் தரை, ஓரங்களில் டி வளையங்கள் இருக்கின்றன. முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் வீல் சாக் இல்லை, அவசியம் என்றால் வாங்கிப் பொருத்திவிடுவேன்.

விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சைடு ஸ்டாண்டில் நிறுத்தி நாலு பக்கமும் நைலான் கயிற்றால் கட்டு, ஸ்டாண்டு மூன்றாவது கால் மாதிரி தாங்கும் என்கிறார் ஒருவர். ராட்செட் ஸ்ட்ராப் (பற்சக்கரப் பிடியால் இறுக்கும் பட்டை) போட்டு முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) முழுக்க அமுங்கும்வரை இறுக்கு, அப்போதுதான் அசையாது என்கிறார் இன்னொருவர். அப்படி இறுக்கினால் ஆயில் சீல் போய்விடும், சஸ்பென்ஷனைத் தொடவே கூடாது என்று மூன்றாமவர். யார் பேச்சைக் கேட்பது?

ஸ்ட்ராப் என்ன அளவு, எந்த இடத்தில் மாட்டுவது, எவ்வளவு இறுக்குவது, கியரில் விடுவதா நியூட்ரலில் விடுவதா, இதெல்லாம் தெரிய வேண்டும். காரணத்தோடு சொன்னால் நல்லது. வழியில் ஏதாவது தளர்ந்தால் நானே பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

---

பட்டறைக்குரல் எழுதியது:

காரணம் கேட்டதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். கட்டிய பைக் விழுவது பெரும்பாலும் ஸ்ட்ராப் அறுந்து இல்லை. ஸ்ட்ராப் ஒரு நொடி தொய்ந்து, கொக்கி வளையத்திலிருந்து நழுவி, அதன் பிறகுதான் விழுகிறது. டிரெய்லர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பைக்கின் சஸ்பென்ஷன் அமுங்குகிறது, ஹேண்டில் பக்கம் தரையை நோக்கி இறங்குகிறது, மேலிருந்து கீழே இழுத்துக் கட்டிய ஸ்ட்ராப்புக்கு அந்த நேரம் பிடிக்க எதுவும் இல்லை. திறந்த 'எஸ்' கொக்கியாக இருந்தால் அப்போதே கழன்று தொங்கும். அடுத்த குலுக்கலில் பைக் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையிலும் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: எந்தக் குலுக்கலிலும் இந்த ஸ்ட்ராப் தொய்யாமல் இருக்குமா?

அதனால்தான் முன் ஃபோர்க்கைக் கொஞ்சம் அமுக்கிக் கட்டச் சொல்கிறோம். அமுங்கிய ஸ்பிரிங் பைக்கை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், ஸ்ட்ராப் கீழே பிடித்துக்கொண்டே இருக்கும், இரண்டுக்கும் நடுவில் தொய்வு வர இடமில்லை. மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை அமுங்கினால் போதும். முழுக்க அமுக்குவது தவறு. மிச்ச அசைவே இல்லாமல் போனால் ஒவ்வொரு குழியின் அடியும் நேராக ஃபோர்க்குக்கும் ஸ்ட்ராப்புக்கும் டிரெய்லர் வளையத்துக்கும் போகும், ஃபோர்க்குக்குள் இருக்கும் காற்றும் நாள் முழுக்க அதிக அழுத்தத்தில் சீலைத் தள்ளிக்கொண்டிருக்கும். சீல் போகும் என்று சொன்னவர் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது, ஆனால் அதற்கு மருந்து அளவோடு அமுக்குவது, அமுக்காமலே விடுவது இல்லை.

சைடு ஸ்டாண்டு யோசனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் பைக் சாய்ந்து நிற்கிறது. கீழே இழுத்துக் கட்டினால் அந்த எடையும் ஸ்ட்ராப்பின் இழுப்பும் சேர்ந்து ஸ்டாண்டின் ஒரே பிவட் போல்ட் மேல் இறங்கும். குலுக்கலில் ஸ்டாண்டின் பாதம் பிளைவுட்டைக் குத்தி உள்ளே போகும், இல்லையென்றால் ஃபிரேமில் ஸ்டாண்டு வெல்டு செய்திருக்கும் பட்டை வளையும். சஸ்பென்ஷன் அமுங்கி எழும்போதெல்லாம் ஸ்டாண்டின் நீளம் மட்டும் மாறாமல் இருப்பதால் பைக் இடமும் வலமும் ஆடும், ஸ்ட்ராப் ஒரு பக்கம் தொய்யும். பைக் தன் இரண்டு சக்கரத்தில் நேராக நிற்க வேண்டும், ஸ்டாண்டு மடங்கியிருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டுக்கும் இதே பதில்தான்.

எங்கே மாட்டுவது? உங்கள் பைக்குக்கு முன்பக்கம் ஒரே நல்ல இடம்தான், கீழ் டிரிபிள் கிளாம்ப். ஹெட்லைட்டுக்குக் கீழே இரண்டு ஃபோர்க் குழாயையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கனமான பாகம் அது. கிளிப்-ஆனில் மாட்டாதீர்கள். அது ஃபோர்க் குழாயை ஒரு போல்ட்டின் இறுக்கத்தில் பிடித்திருக்கிறது, இழுத்தால் சுற்றிக்கொள்ளும். கொக்கியை நேராக உலோகத்தில் மாட்டாமல் சாஃப்ட் லூப் (இரு முனையிலும் கண் உள்ள துணிப்பட்டை வளையம்) ஒன்றைக் கிளாம்பைச் சுற்றிப் போட்டு, கொக்கியை அதன் கண்ணில் மாட்டுங்கள். பல பைக்குகளில் அந்த இடத்தில்தான் முன் பிரேக் ஹோஸ் போகும், ஒயரும் போகும். ஒன்றுகூட லூப்புக்குள் சிக்கக்கூடாது, டார்ச் அடித்துப் பாருங்கள். முழு ஃபேரிங் என்பதால் நீளமான லூப்பாக வாங்குங்கள். கொக்கியும் தடித்த ஸ்ட்ராப்பும் ஃபேரிங் ஓரத்தைத் தாண்டி வெளியே வந்த பிறகு ஆரம்பிக்க வேண்டும், உள்ளே வருவது மெல்லிய துணியாக மட்டும் இருக்க வேண்டும். அப்படியும் ஃபேரிங்கில் உரசினால் நடுவில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டை வைத்து டேப் ஒட்டிவிடலாம்.

அங்கிருந்து ஸ்ட்ராப் இரண்டும் முன்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் கீழே இறங்க வேண்டும், ஏறக்குறைய 45 டிகிரி. நேர் கீழே இறக்கினால் பைக் பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்காது, ரொம்பப் படுக்கையாகப் போனால் கீழே அமுக்கும் வேலை நடக்காது. பின்பக்கம் இரண்டு ஸ்ட்ராப், பின்சீட்காரர் கால் வைக்கும் ஃபுட்பெக்கின் பிராக்கெட்டிலோ சப்ஃபிரேமிலோ மாட்டி, பின்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் இறக்குங்கள். பின்னால் தொய்வு போகும் அளவுக்கு இறுக்கிக் கூட ஒரு சின்ன இழுப்பு கொடுத்தால் போதும், முன்பக்கம் மாதிரி அமுக்க வேண்டியதில்லை. மஃப்ளர், இண்டிகேட்டர், பிளாஸ்டிக் கிராப் ரெயில் இவற்றில் எதையும் மாட்டாதீர்கள்.

ஐந்தாவதாக ஒன்று: பின்சக்கரத்தின் ரிம்மையும் டயரையும் சுற்றி ஒரு ஸ்ட்ராப்பை டிரெய்லரின் இரு பக்கத்துக்கும் கட்டுங்கள். மோசமான சாலையில் பின்சக்கரம் துள்ளித் துள்ளிப் பக்கவாட்டில் நகரும், அது நகர்ந்தால் முன்னால் நீங்கள் அளந்து வைத்த இறுக்கமெல்லாம் மாறிவிடும்.

வீல் சாக் வாங்குங்கள். அது இல்லாமலும் கட்ட முடியும்தான், ஆனால் முன்சக்கரம் திரும்பாமல் நிற்பதும், நீங்கள் ஸ்ட்ராப் மாட்டும்போது பைக் தானாக நிற்பதும் பெரிய உதவி. ஒன்று மட்டும், சாக் கவ்வியிருக்கிறதே என்று ஸ்ட்ராப்பைக் குறைக்காதீர்கள்.

---

அளவுகோல் எழுதியது:

பட்டறைக்குரல் சொன்னதற்கு நான் கொஞ்சம் எண்களைச் சேர்க்கிறேன், எண் தெரிந்தால் மனசு தெளியும்.

ஸ்ட்ராப்பில் இரண்டு எண் இருக்கும். பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்பது பெரும்பாலும் அறுபடும் எடை. நமக்கு வேண்டியது வேலைச்சுமை வரம்பு, அது வழக்கமாக அறுபடும் எடையில் மூன்றில் ஒரு பங்கு. 1500 கிலோ என்று போட்டிருந்தால் 500 கிலோவுக்கு மேல் நம்பக்கூடாது. ஐரோப்பிய ஈஎன் 12195-2 தரத்தில் செய்த ஸ்ட்ராப் என்றால் லேபிளில் எல்சி என்று, அதாவது அந்த ஸ்ட்ராப்பை நம்பக்கூடிய வரம்பை, டெக்கா நியூட்டனில் போட்டிருப்பார்கள், ஒரு டெக்கா நியூட்டன் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமம், கணக்கு போட வசதி. அதே தரத்தில் லேபிளின் நிறமே துணி என்ன என்று சொல்லிவிடும்: நீலம் பாலியெஸ்டர், பச்சை பாலியமைடு அதாவது நைலான், பழுப்பு பாலிபுரொப்பிலீன். உங்களுக்கு வேண்டியது நீலம். நைலான் இழுத்தால் நீளும், நனைந்தால் இன்னும் நீளும், காலையில் இறுக்கியது மழைக்குப் பிறகு தொய்ந்து கிடக்கும். நைலான் கயிறு வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம், போதாததற்கு முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் வலிமையும் வெகுவாகக் குறைந்துவிடும்.

இனி சுமை. சாலையில் சரக்கு கட்டுவதற்கான கணக்கில், கடுமையாக பிரேக் பிடிக்கும்போது பொருளின் எடையில் 0.8 பங்கு முன்னோக்கித் தள்ளும் என்றும், வளைவில் பக்கவாட்டில் பாதி எடை தள்ளும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் 220 கிலோ பைக்குக்கு முன்னோக்கி 176 கிலோ, பக்கவாட்டில் 110 கிலோ. ஸ்ட்ராப் 45 டிகிரி கீழேயும், மேலிருந்து பார்த்தால் 45 டிகிரி வெளிப்பக்கமாகவும் போனால் அதில் இருக்கும் இழுவிசையில் பாதிதான் முன்பின் திசையில் உதவும், அதே அளவு பக்கவாட்டில் உதவும். பின்னோக்கிப் போகும் இரண்டு ஸ்ட்ராப்பும் ஆளுக்கு 250 எல்சி என்றால் ஒவ்வொன்றும் 125, இரண்டும் சேர்ந்து 250. பிரேக் விசை 176ஐ, வீல் சாக் இல்லாமலேகூட, அவை தாங்கும். அதனால் 250க்குக் குறைவான எதையும் வாங்க வேண்டாம். 25 மில்லிமீட்டர் அகலத்தில் இதைவிட நல்லதும் கிடைக்கும், 35 இன்னும் நிம்மதி. 50 மில்லிமீட்டர் லாரி ஸ்ட்ராப் தேவையில்லை, அதன் ராட்செட் கனத்தில் எவ்வளவு இறுக்குகிறோம் என்பதே கைக்குத் தெரியாது.

எவ்வளவு இறுக்கம் என்பதற்கும் கணக்கு உண்டு. சாதாரண சாலைப் பைக்கில் ஒரு ஃபோர்க் ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க ஏறக்குறைய 0.9 கிலோ வேண்டும், இரண்டுக்கும் 1.8. பைக் தன் எடையில் நிற்கும் நிலையிலிருந்து இன்னும் 30 மில்லிமீட்டர் அமுக்கினால் 54 கிலோ. இரண்டு ஸ்ட்ராப்பும் 45 டிகிரியில் இழுக்கின்றன என்றால் ஒவ்வொன்றிலும் 40 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான இழுப்பு. அவ்வளவுதான். இது கையால் இழுக்கும் கேம் பக்கிளிலேயே (வாலை இழுத்தால் ஸ்ட்ராப்பைக் கவ்விக்கொள்ளும் பூட்டு) வந்துவிடும். ராட்செட் இதைப் போலப் பல மடங்கு இழுக்கும், ஃபோர்க்கைக் கடைசிவரை அமுக்குவதெல்லாம் அங்கேதான் நடக்கிறது.

இன்னொன்றும் இந்த 54 கிலோவில் தெரிகிறது. பைக்கின் முன்சக்கரத்தில் கிட்டத்தட்ட 110 கிலோ இருக்கும். ஒரு குழியில் விழுந்து எழும்போது அதில் பாதி எடை கூடுதலாகக் கீழே அழுத்தினாலே ஸ்ட்ராப்பில் நீங்கள் வைத்த இழுப்பு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிடும். சரியாகக் கட்டினாலும் பெரிய குழியில் ஒரு கணம் தொய்வு வரத்தான் செய்யும் என்று அர்த்தம். எனவே கொக்கியில் தாழ்ப்பாள் மாதிரி மூடும் நாக்கு இருப்பது கட்டாயம். திறந்த கொக்கி உள்ள ஸ்ட்ராப் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பைக்குக்கு வேண்டாம்.

அமுக்கத்தை அளக்க எளிய வழி: ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் சீலை ஒட்டி ஒரு கேபிள் டை போடுங்கள், ரொம்ப இறுக்காமல், விரலால் தள்ளினால் நகரும் அளவுக்கு. பைக் நேராக நிற்கும்போது அதைச் சீல் வரை தள்ளி வைத்துவிட்டு ஸ்ட்ராப்பை இறுக்குங்கள். கேபிள் டை 25 முதல் 30 மில்லிமீட்டர் நகர்ந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்திப் பார்க்கும்போது அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்தால் வழியில் ஃபோர்க் எவ்வளவு அமுங்கியது என்பதும் தெரியும். கடைசி வரை போயிருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

---

மண்சாலை எழுதியது:

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. சக்கரத்தைத் தரையோடு சேர்த்துக் கட்டிவிட்டால் சஸ்பென்ஷனை அமுக்கவே வேண்டாம். பின்டயர் மேல் படுத்து, டிரெய்லர் தரையோடு இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ராப் அமைப்புகள் இருக்கின்றன, முன்னால் சாக். பைக் தன் ஸ்பிரிங்கில் சாலையில் போவது மாதிரியே ஏறி இறங்கிக்கொண்டு வரும், சீலுக்கும் சுமை இல்லை, ஃபேரிங்குக்குள் ஸ்ட்ராப் நுழைக்கும் பாடும் இல்லை. ஸ்ட்ராப் கட்டியிருப்பது ஸ்பிரிங்குக்குக் கீழே என்பதால் தொய்வு என்ற பேச்சே இல்லை.

மண்ணில் ஓட்டும் பைக்குகளுக்கு வேறொரு வழி உண்டு. முன்டயருக்கும் உயரமான மட்கார்டுக்கும் நடுவே ஃபோர்க் பிளாக் என்று ஒரு கட்டையை வைத்து இறுக்குவோம், அதற்கு மேல் ஃபோர்க் அமுங்காது. ஆனால் நெடுவழி, உங்கள் பைக்கில் மட்கார்டு டயரை ஒட்டித் தாழ்வாக இருக்கும், அதில் இதைச் செய்ய முடியாது. யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

கியர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் முதல் கியரில்தான் விடுவேன். ஏற்றும்போதும் கட்டும்போதும் உருளாமல் இருப்பதுதான் அதன் முக்கியப் பயன். கட்டி முடித்த பிறகு பைக்கைப் பிடிப்பது ஸ்ட்ராப்தான், கியர் எதில் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

---

பட்டறைக்குரல் எழுதியது:

மண்சாலை, சக்கரத்தைப் பிடிக்கும் முறை நல்ல முறைதான், மறுக்க மாட்டேன். அந்தத் தொய்வுப் பிரச்சினையை அடியோடு தீர்க்கிறது. ஆனால் அது தரையோடு போல்ட் போட்ட உறுதியான சாக்கையும், பின்டயருக்கு நேர் இரு பக்கமும் வளையங்களையும் கேட்கிறது. இரவல் டிரெய்லரில் வளையம் ஓரத்தில் எங்கோ இருக்கும். சும்மா நிற்கும் சாக்கில் முன்சக்கரத்தைச் சொருகி, பின்டயரை மட்டும் கட்டிவிட்டு சஸ்பென்ஷனைச் சும்மா விட்டால் பைக்கின் மேல்பாதி ஆடும், அந்த ஆட்டம் முழுவதையும் அந்தச் சாக்கே தாங்க வேண்டும். நெடுவழியிடம் இருப்பதை வைத்துப் பார்த்தால் நாலு ஸ்ட்ராப்பும் பின்சக்கர ஸ்ட்ராப்பும்தான் சரி.

கேம் பக்கிளா ராட்செட்டா என்பதற்கு: முன்னால் கேம் பக்கிள், அளவுகோல் சொன்ன காரணத்துக்காக. ராட்செட்தான் கையில் இருக்கிறது என்றால் முதலில் ஸ்ட்ராப்பைக் கையால் இழுத்துத் தொய்வு முழுவதையும் எடுத்துவிட்டு, பிறகு ஒரு பல், ஒரு பல்லாக, இடம் வலம் மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால் பைக் சாய்ந்த நிலையிலேயே நிலைத்துவிடும். ராட்செட் உருளையில் குறைந்தது இரண்டு சுற்று இருக்க வேண்டும், இல்லையென்றால் வழுக்கும், அதே சமயம் மீதி ஸ்ட்ராப் முழுவதையும் அதில் சுற்றிவிட்டால் திறக்காமல் அடைத்துக்கொள்ளும். மீந்த வாலைக் கட்டாயம் முடிந்து வையுங்கள். காற்றில் அடித்துக்கொண்டு போகும் வால் ஃபேரிங்கின் பெயிண்டை எடுத்துவிடும், டிரெய்லர் சக்கரத்தில் சிக்கினால் ஸ்ட்ராப்பையே இழுத்துவிடும். நீளமாகப் போகும் ஸ்ட்ராப் காற்றில் 'விர்ர்' என்று அதிர்கிறதென்றால் ஒரு அரைத் திருப்பம் கொடுத்து மாட்டுங்கள், நின்றுவிடும்.

---

இரட்டைச்சக்கரம் எழுதியது:

எல்லோரும் பைக்கையே பேசுகிறீர்கள், டிரெய்லரை யாரும் பார்க்கவில்லை. ஸ்ட்ராப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது மாட்டியிருக்கும் டி வளையம் பிளைவுட்டில் வெறும் மரத் திருகால் பொருத்தியிருந்தால் எல்லாம் வீண். இரவல் டிரெய்லர் என்பதால் கட்டாயம் அடியில் குனிந்து பாருங்கள். போல்ட் பலகையைத் துளைத்து அடிப்பக்கம் வந்து, அகலமான வாஷரோ இரும்புத் தகடோ வைத்து நட் போட்டிருக்க வேண்டும். இரும்புச் சட்டத்திலேயே வெல்டு செய்த வளையம் என்றால் இன்னும் நல்லது. பிளைவுட் ஓரங்களை ஒரு ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள், மாவாக உதிர்ந்தால் அந்த இடத்தை நம்பாதீர்கள்.

அடுத்தது பைக்கை டிரெய்லரில் எவ்வளவு முன்னால் நிறுத்துவது. எடை அச்சுக்குப் பின்னால் போனால் டிரெய்லரின் மூக்கு (காரோடு இணையும் முன்முனை) லேசாகி, வேகம் எடுக்கும்போது பின்பகுதி பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும், ஆரம்பித்துவிட்டால் அடக்குவது கஷ்டம். ரொம்ப முன்னால் போனால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரங்களின் பிடிப்பு குறையும். டிரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு போல மூக்கில் இறங்கினால் நன்றாக இழுபடும், ஆனால் உங்கள் காரின் கையேட்டிலும் இழுவைக் கொக்கியின் தகட்டிலும் போட்டிருக்கும் உச்ச எடையைத் தாண்டக்கூடாது, அங்கே குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் முடிவு. உடல் எடை பார்க்கும் கருவியை மூக்குக்கு அடியில் ஒரு கட்டையோடு வைத்தே அளந்துவிடலாம். வீல் சாக்கை போல்ட் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள், போட்ட பிறகு நகர்த்த முடியாது.

கப்ளர் (டிரெய்லர் மூக்கில் இருக்கும் பூட்டு) காரின் இழுவைப் பந்தின் மேல் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க டிரெய்லரின் மூக்கு ஜாக்கைக் கீழே இறக்கித் திருப்புங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து மேலே எழும்பினால் பூட்டியிருக்கிறது. கப்ளரில் குத்தியிருக்கும் அளவும் பந்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், கண்ணுக்கு ஒன்று மாதிரி தெரிவதெல்லாம் ஒன்றல்ல. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள், கப்ளர் கழன்றாலும் மூக்கு சங்கிலி மேல் விழும், சாலையைக் குத்தாது.

நெளிய ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தாதீர்கள், வேகம் எடுத்துச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி வேகம் தானாகக் குறைய விடுங்கள். டிரெய்லர் டயர் காற்றையும் பாருங்கள், இரவல் டிரெய்லரில் எல்லோரும் மறப்பது அது.

---

நெடுவழி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வளையங்களைக் குனிந்து பார்த்தேன். முன்னால் இரண்டும் சட்டத்தில் வெல்டு செய்தவை, பின்னால் இருப்பவை பலகையில் திருகு மட்டும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு பின்வளையங்களுக்குத் துளைபோட்டு, அடியில் தகடு வைத்து நட் போட்டாயிற்று. சாக் வாங்கிவிட்டேன், மூக்கு எடை பார்த்துத்தான் இடம் குறித்தேன்.

வீட்டிலேயே ஒருமுறை ஏற்றிக் கட்டிப் பார்த்தேன். கேபிள் டை உண்மையிலேயே உதவுகிறது, முன்னால் கண்ணால் பார்த்து இறுக்கியபோது இடது ஃபோர்க் பக்கம் அதிகமாகத் தெரிந்தது, அளந்து பார்த்தால் அமுக்கம் சரி, பைக்தான் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

மூன்று சின்னக் கேள்விகள். ஒன்று, தூசிக்கும் மழைக்கும் பைக்குக்குக் கவர் போட்டுக் கட்டலாமா? இரண்டு, எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும்? மூன்று, இறக்கும்போது எந்த ஸ்ட்ராப்பை முதலில் கழற்றுவது? ஏற்றுவதற்கு ஆள் இருந்தார், இறக்கும் இடத்தில் ஒருவர்தான் உதவிக்கு வருவார்.

---

அளவுகோல் எழுதியது:

கவர் வேண்டாம். இழுத்துப் போகும் வேகத்தில் அது படபடவென்று அடித்து, உள்ளே புகுந்த தூசியோடு சேர்ந்து உப்புத்தாள் தேய்ப்பது போலப் பெயிண்டையும் வைஸரையும் தேய்க்கும், காற்று புகுந்து உப்பினால் பைக்கைப் பக்கவாட்டில் வேறு தள்ளும். நனைந்தால் நனையட்டும், மழையில் ஓட்டுகிற வண்டிதானே. அதற்குப் பதில் சைடு பெட்டி, டேங்க் பை, கழன்று பறக்கக்கூடியது எல்லாவற்றையும் எடுத்துக் காருக்குள் வைத்துவிடுங்கள். அலாரம் இருந்தால் அணைத்துவிடுங்கள், ஒவ்வொரு குலுக்கலுக்கும் கத்திக் கத்தி பேட்டரி இறங்கிவிடும். சாவியை எடுத்துவிடுங்கள், ஹேண்டிலை மட்டும் பூட்டாதீர்கள், முன்சக்கரம் சாக்கில் நேராக இருக்க வேண்டும்.

நிறுத்திப் பார்ப்பதில் முதல் தடவைதான் முக்கியம். புறப்பட்டு 10, 15 கிலோமீட்டருக்குள் நிறுத்துங்கள். டயர் சாக்கில் நன்றாக உட்கார்ந்திருக்கும், சாஃப்ட் லூப் இழுபட்டு இடம் பிடித்திருக்கும், எல்லா ஸ்ட்ராப்பும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அப்போது இறுக்கினால் பிறகு பெரும்பாலும் நிற்கும். அதற்குப் பின் டீ குடிக்க, பெட்ரோல் போட என்று நிறுத்தும்போதெல்லாம் ஒவ்வொரு ஸ்ட்ராப்பையும் கையால் தட்டிப் பாருங்கள், கொக்கியின் நாக்கு மூடியிருக்கிறதா பாருங்கள், ஸ்ட்ராப் எங்காவது கூரான ஓரத்தில் உரசுகிறதா பாருங்கள். ஓரத்தில் வெட்டு விழுந்த ஸ்ட்ராப்பை அங்கேயே மாற்றுங்கள், கூடுதலாக இரண்டு ஸ்ட்ராப் காரில் இருக்கட்டும். நல்ல சாலை முடிந்து மோசமான சாலை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு தடவை கட்டாயம்.

---

பட்டறைக்குரல் எழுதியது:

இறக்குவதைக் கேட்டது நல்லது, பைக் கீழே விழுவது பாதி நேரம் வீட்டு வாசலில்தான். சமதளமான இடத்தில் நிறுத்துங்கள், டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றாதீர்கள். கழற்றிவிட்டு பைக்கைப் பின்னால் உருட்டினால் எடை அச்சைத் தாண்டியதும் மூக்கு மேலே தூக்கிவிடும். ரேம்ப்பை டிரெய்லரோடு ஒரு ஸ்ட்ராப் போட்டுக் கட்டிவிடுங்கள், சக்கரம் உருளும்போது அது பின்னால் நழுவாமல் இருக்க.

முதலில் பின்சக்கர ஸ்ட்ராப், பிறகு பின்னால் இரண்டு. இதுவரை பைக்கை முன்ஸ்ட்ராப்பும் சாக்கும் பிடித்திருக்கும். இப்போது உதவிக்கு வந்தவர் வலப்பக்கம் நின்று சீட்டையும் பின்பகுதியையும் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் இடப்பக்கம் நின்று முன்ஸ்ட்ராப்பைக் கழற்றுங்கள். கேம் பக்கிள் என்றால் நாக்கை மெதுவாக அழுத்தி விடலாம். ராட்செட் என்றால் ஒரே அடியாக விடும், ஃபோர்க் துள்ளி எழும், எதிர்பார்த்து இருங்கள். முன்ஸ்ட்ராப் கழன்ற பிறகுதான் சைடு ஸ்டாண்டைப் போட வேண்டும். அமுங்கிய நிலையில் ஸ்டாண்டு பைக்குக்கு நீளமாகத் தெரியும், அப்போது போட்டுவிட்டால் வலப்பக்கம் தள்ளும்.

பின்பக்கமாக ரேம்ப்பில் இறக்கும்போது முன்பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். முன்பக்கம் மேடாக இருப்பதால் எடையெல்லாம் பின்சக்கரத்தில் இருக்கும், முன்சக்கரம் பூட்டினாலும் பிடிப்பு இல்லாமல் வழுக்கி வரும். பக்கத்தில் நடந்து வரும்போது கால் பிரேக்கும் எட்டாது. எஞ்சினை அணைத்து முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை அழுத்தி உருட்டுங்கள், நிறுத்த வேண்டும் என்றால் கிளட்ச்சை விட்டுவிடுங்கள், எஞ்சினே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏற்றும்போதும் நடுவில் நின்றுவிட்டால் இதே வழிதான். வலப்பக்கம் நிற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பைக் அவர் பக்கம் சாய்ந்து கைமீறிவிட்டது என்று தெரிந்தால் தாங்கப் பார்க்காமல் விலகிவிட வேண்டும்.